குறியீட்டு மாதிரிச் சரிபார்ப்பு: குற்றமின்மையை நிறுவும் ஒரு நெறி

ஒரு பொருளிற் குற்றம் உண்டு என நிறுவுதல் எளிது. இல்லை என நிறுவுதல் அரிது. உண்டு என்பதற்கு ஒரு குற்றத்தைக் கண்டு காட்டினாற் போதும். இல்லை என்பதற்கோ, அது இருத்தற்கு இடமான எல்லாவற்றையும் நோக்கி, ஓரிடத்தும் இல்லை என்று சொல்லுதல் வேண்டும். சைவசித்தாந்த அளவை நூலார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்தனர். ஒரு பொறியைப் பன்முறை இயக்கிப் பார்த்து அது பழுதின்றி நடக்கிறது என்பது காட்சியின் பாற்படும். கண்ட அளவிற்கு அக்காட்சி மெய்யே. காணாதவற்றைப் பற்றி அது வாய் திறவாது. சோதனையாற் பிழை உண்டு என்பதைக் காட்டலாமேயன்றி, இல்லை என்பதைக் காட்டல் இயலாது என்னுங் கருத்தைக் கணினி விஞ்ஞானத்தில் அழுத்திக் கூறியவர் ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பவர். காட்சி நின்ற இடத்திலிருந்து கருதலாகிய அனுமானத்தைத் தொடங்கி, அதனையும் ஒரு கணினியைக் கொண்டே செய்விக்கும் நெறி ஒன்று உளது. அது குறியீட்டு மாதிரிச் சரிபார்ப்பு எனப்படும். அதன் இயல்பும் வரலாறும் எல்லையும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

இரு பிழைகள்

இவ்வாராய்ச்சி வெறும் அறிவு விளையாட்டன்று என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்றாகும். 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே, லிஞ்ச்பேக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி என்பார், இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக் கொண்டிருந்தார். அவர் பெற்ற விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தம் செய்ந்நிரலிற் பிழை இல்லை என ஒவ்வொன்றாக ஆராய்ந்து தெளிந்த பின்னர், பிழை கணினியின் உள்ளுறுப்பாகிய பென்ரியம் சில்லிலேயே உளது எனக் கண்டார். 4,195,835 என்னும் எண்ணை 3,145,727 ஆல் வகுத்தால் ஈவு 1.33382 என வருதல் வேண்டும், அச்சில்லு 1.33373 என விடை தந்தது. வகுத்தலுக்கு உதவும் பொருட்டுச் சில்லினுள் அமைக்கப்பட்ட அட்டவணை ஒன்றில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களுள் ஐந்து நிரப்பப்படாது விடப்பட்டமையே இதற்குக் காரணம். சில்லை ஆக்கிய இன்ரெல் நிறுவனம் அவற்றை மாற்றிக் கொடுக்கும் பொருட்டு 47 கோடியே 50 இலட்சம் டொலரைச் செலவாக எழுதிக் கொண்டது.

இரண்டாவது நிகழ்ச்சி 1996ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் திகதி நிகழ்ந்தது. ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 என்னும் ஏவுகணை தன் முதற் பயணத்திற் புறப்பட்டு, ஒரு நிமிடமும் ஆகுமுன் வழி பிறழ்ந்து வானிலே சிதறியது. 64 துவித இலக்கத்தில் இருந்த ஓர் எண்ணை 16 இலக்கத்தில் அடக்க முயன்ற கட்டளை ஒன்று தவறியமையே காரணம். அவ்வளவிலே கொள்ளத்தக்க பேரெண் 32,767 ஆகும். வந்த எண் அதனின் மிக்கது. முந்தைய ஏரியன் 4 கலத்தில் அவ்வெண் அவ்வளவு பெருகுவதில்லை. ஆதலால் அக்கட்டளை ஆண்டுக்கணக்கிற் பழுதின்றி நடந்தது.

இரண்டிலும் சோதனை நடைபெறாமல் இல்லை. ஆனால், 64 இலக்க எண்கள் இரண்டைச் சோடி சேர்த்தால் வரும் சோடிகளின் தொகை 39 இலக்கங்கொண்ட பேரெண்ணாகும். அவற்றுட் சோதிக்கப்படுபவை கடற்கரை மணலில் ஒரு பிடிக்கும் ஒவ்வா.

மாதிரியும் பண்பும்

மாதிரிச் சரிபார்ப்பு என்னுந் தொடரில் மாதிரி என்பது தருக்க நூலார் ஆளும் சொல். ஒரு கூற்று எவ்வமைப்பில் மெய்யாகின்றதோ, அவ்வமைப்பு அக்கூற்றுக்கு மாதிரி எனப்படும். ஆராயப்படும் பொறியை நிலைகளாகவும், ஒரு நிலையினின்று மறுநிலைக்குச் செல்லும் பெயர்ச்சிகளாகவும் எழுதுவது முதற்படி. அப்பொறியிடம் வேண்டப்படும் பண்பை ஒரு தருக்கக் கூற்றாக எழுதுவது இரண்டாம் படி. அக்கூற்று அவ்வமைப்பில் மெய்யோ பொய்யோ எனக் கணினியே தீர்ப்பது மூன்றாம் படி.

பொறி காலத்திலே இயங்குவது. ஆதலின் அதன் பண்பைக் கூறும் தருக்கமும் காலத்தை அறிந்ததாதல் வேண்டும். என்றும், என்றேனும், அதுவரை, அடுத்து என்னும் சொற்களுக்குத் தருக்க இலக்கணம் வகுக்கும் முயற்சியை நியூசிலாந்துத் தத்துவ அறிஞர் ஆதர் பிறயர் 1950களிலே செய்தார். அதனைக் கணினிச் செய்ந்நிரல்களின் வாய்ப்புப் பார்த்தலுக்கு 1977இற் கொணர்ந்தவர் இசுரேலியரான அமிர் புனுவெலி. 1981இல் அமெரிக்காவில் எட்மண்ட் கிளாக்கும் அவர் மாணாக்கர் அலன் எமர்சனும், அவர்களை அறியாமலே பிரான்சின் கிறெனோபிள் நகரில் யோசெப் சிபாக்கிசும் அவருடன் உழைத்தாரும், காலத் தருக்கக் கூற்றைக் கணினியே தானாக ஆராயும் முறையைக் கண்டனர். கிளாக், எமர்சன், சிபாக்கிஸ் ஆகிய மூவருக்கும் 2007ஆம் ஆண்டுக்குரிய ரியூறிங் பரிசு இதன் பொருட்டு வழங்கப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். ஒரே வண்டி செல்லத்தக்க ஒடுங்கிய பாலம் ஒன்று. அதன் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு விளக்கு. ஒவ்வொரு விளக்கும் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்கும்; ஒவ்வோர் அந்தத்திலும் வண்டி காத்து நிற்கும் அல்லது நில்லாது. ஆகவே நான்கு மாறிகள். அவற்றால் வரும் நிலைகள் 16. விளக்கின் விதி இது எனக் கொள்க: தன் பக்கத்தில் வண்டி காத்து நிற்க, எதிர் விளக்குச் சிவப்பாய் இருப்பின் அடுத்த கணத்திற் பச்சையாகுக, அன்றேற் சிவப்பாகுக. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்விதி குற்றமற்றதாகவே தோன்றும்.

வேண்டப்படும் பண்பு: இரு விளக்கும் ஒருங்கே பச்சையாதல் என்றும் நிகழாது. கணினி இதனை ஆராய்ந்து பொய் என்னும். பொய்யாம் ஆற்றையும் காட்டும். தொடக்கத்தில் இரண்டுஞ் சிவப்பு, வண்டி இல்லை. அடுத்து இரு பக்கமும் ஒரே கணத்தில் வண்டிகள் வருகின்றன. ஒவ்வொரு விளக்கும் எதிர் விளக்குச் சிவப்பாய் இருத்தலைக் கண்டு, ஒருங்கே பச்சையாகின்றது. இரண்டே அடியில் விபத்து. இங்ஙனம் குற்றத்துக்குச் செல்லும் வழியை அடியடியாகக் காட்டுவது எதிரெடுத்துக்காட்டு எனப்படும். பொய் என்று மட்டுஞ் சொல்லும் நீதிபதியினும், எங்ஙனம் பொய்யாயிற்று எனக் காட்டும் ஆசிரியர் பயனுடையவர் அன்றோ? பொறியியலாளர் இந்நெறியை விரும்பி ஏற்றமைக்கு இவ்வெதிரெடுத்துக்காட்டே பெருங் காரணமாயிற்று.

விதியைத் திருத்துக: இரு பக்கமும் வண்டி நிற்பிற் கிழக்குக்கே முதலிடம், கிழக்கில் வண்டி நிற்குங்கால் மேற்கு விளக்குப் பச்சையாகாது. இப்பொழுது முன்கூறிய பண்பு மெய்யாகும். ஆயினும், மேற்கிற் காத்து நிற்பவர் என்றேனும் பச்சை பெறுவர் என்னும் பண்பு பொய்யாகும். கிழக்கில் ஓயாது வண்டி வரின் மேற்கில் நிற்பவர் நின்றபடியே நிற்பர். கிழக்கில் இடையிடையே வண்டி ஒழியும் என்னும் நிபந்தனையைச் சேர்த்தாற் குறை தீரும் என ஒருவர் கூறக்கூடும். கணினி அதனையும் மறுக்கும். கிழக்கு விளக்குப் பச்சையாய் இருக்குங்கால் மட்டும் அங்கு வண்டி ஒழிந்து, விளக்குச் சிவப்பான கணத்தில் மீண்டும் வண்டி வந்து நிற்குமாயின், இரு நிலைகள் மாறி மாறிச் சுழல, மேற்குக்கு ஒருபோதும் முறை வாராது. மனிதர் எளிதில் எண்ணிப் பாராத சுழல் இது. இரண்டுஞ் சிவப்பாய் இருக்கும்போதே ஒன்று பச்சையாகலாம், அதுவும் அடுத்த கணத்திற் சிவப்பாக வேண்டும், இருவரும் நிற்பின் முறைக்குரியவரே செல்லலாம், ஒருவர் பச்சை பெற்றதும் முறை மற்றவருக்கு மாறும் என ஐந்தாம் மாறி ஒன்றைச் சேர்த்து விதி வகுத்தால் இரு பண்பும் மெய்யாகும்.

தீயது என்றும் நிகழாது என்பது காவற் பண்பு. நல்லது என்றேனும் நிகழும் என்பது உயிர்ப்புப் பண்பு. ஒன்றைக் காக்கும் திருத்தம் மற்றொன்றைக் கெடுத்தல் கூடும் என்பது இவ்வெடுத்துக்காட்டாற் பெறப்படும்.

நிலைகளின் பெருக்கம்

பாலத்தின் 16 நிலைகளைத் தாளில் எழுதியே ஆராயலாம். ஆனால், மாறி ஒன்று கூடுந்தோறும் நிலைகள் இருமடங்காகும். 20 மாறிகளுக்கு 10 இலட்சத்துக்கு மேற்பட்ட நிலைகள். 67 மாறிகளுக்கு 1 என்னும் இலக்கத்தின் பின் 20 பூச்சியம் இட்ட அளவினும் மிக்க நிலைகள். வினாடிக்கு 100 கோடி நிலைகளை ஆராயும் கணினியும் இவற்றை ஒவ்வொன்றாக ஆராய 3,000 ஆண்டுக்கு மேல் எடுக்கும். உண்மையான சில்லுகளிலோ மாறிகள் ஆயிரக்கணக்கின. இதனை நிலைவெடிப்பு என்பர். 1980களிற் செய்யப்பட்ட கருவிகள் நிலைகளை ஒவ்வொன்றாகப் பதிந்து ஆராய்ந்தமையாற் சிறு பொறிகளின் அளவிலேயே நின்றுவிட்டன. நெறி செம்மையானது, ஆனால் வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை.

ஒரு குறியீடு, பல நிலை

இத்தடையை நீக்கிய கருத்து 1987ஆம் ஆண்டில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திற் கிளாக்கின் மாணாக்கராய் இருந்த கென்னத் மக்மில்லன் என்பாருக்குத் தோன்றியது. நிலைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் இடுவானேன்? ஒரு கூற்றை எழுதினால், அக்கூற்று மெய்யாகும் நிலைகள் எல்லாம் ஒரு தொடையாக அதனுள் அடங்கும் அன்றோ? கிழக்கும் மேற்கும் பச்சை என்னும் ஒரு வரி, பாலத்தின் 16 நிலைகளுள் நான்கைக் குறிக்கும். பாலத்தோடு தொடர்பற்ற 20 மாறிகளைப் பொறியிற் சேர்த்தாலும் அவ்வரி மாறாது. அப்பொழுது அது 41 இலட்சத்துக்கு மேற்பட்ட நிலைகளைக் குறிக்கும். தொடையின் பருமை வேறு, அதனைக் கூறும் கூற்றின் நீளம் வேறு. இதுவே குறியீட்டு முறையின் உயிர்நிலை.

கூற்றுக்களைக் கணினியில் எங்ஙனம் எழுதி வைப்பது என்பது அடுத்த வினா. அதற்கு விடை முன்னரே ஆயத்தமாய் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றண்டல் பிறயன்ற் 1986இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மெய், பொய் என்னும் இரு விழுமியங்களையே கொள்ளும் சார்புகளைக் குறிப்பதற்கு ஒழுங்குபடுத்திச் சுருக்கிய தீர்மான வரைபு என்னும் அமைப்பை விளக்கியிருந்தார்.

மூவர் கூடிய சபையிற் பெரும்பான்மை வாக்கால் ஒன்று தீர்மானிக்கப்படுகிறது எனக் கொள்க. முதல்வர் வாக்கு யாது, இரண்டாமவர் வாக்கு யாது, மூன்றாமவர் வாக்கு யாது என வினவிச் செல்லும் மரத்தை முழுமையாக வரைந்தால் 7 வினாக்கணுக்களும் 8 இலைகளும் உண்டாம். முதலிருவரும் ஆம் என்றால் மூன்றாமவரை வினவ வேண்டுவதில்லை. இருவரும் அன்று என்றாலும் அவ்வாறே. அவர்கள் முரணியவழியே மூன்றாமவர் வாக்கு வேண்டப்படும். முதல்வர் ஆம் என்று இரண்டாமவர் மறுத்தாலும், முதல்வர் மறுத்து இரண்டாமவர் ஆம் என்றாலும் எஞ்சும் வினா ஒன்றே. ஆகவே வேண்டாத வினாவை நீக்கி, ஒத்த பகுதிகளை ஒன்றாக்கினால், 4 வினாக்கணுக்களும் மெய், பொய் என்னும் இரு முடிவுகளுமே எஞ்சும்.

இவ்வரைபின் பெருஞ் சிறப்பு ஒன்றுளது. வினாக்களின் வரிசை மாறாதிருப்பின், ஒரு சார்புக்கு வரைபு ஒன்றே. ஆகவே இரு கூற்றுக்கள் ஒரே பொருளனவோ என்னும் கடிய வினா, இரு வரைபுகளும் ஒன்றோ என்னும் எளிய வினாவாகிறது. ஆயின் வரிசையைத் தெரிவதில் விழிப்பு வேண்டும். பத்துச் சோடி மாறிகளுள் ஏதேனும் ஒரு சோடியில் இரண்டும் மெய்யோ என்று வினவும் சார்பை எடுத்துக்கொள்க. சோடி சோடியாக வினவினால் வரைபிற்கு முடிவுகள் உட்பட 22 கணுக்கள் போதும். எல்லாச் சோடிகளின் முதன் மாறிகளையும் முன்னர் வினவி, இரண்டாம் மாறிகளைப் பின்னர் வினவினால் 2,048 கணுக்கள் வேண்டும். தொடர்புடையனவற்றை அருகருகே வைத்தல் நினைவுச்சுமையைக் குறைக்கும் என்பது மாணவரும் அறிந்ததே.

கருவி தொழிற்படும் ஆறு

இனிக் கருவி ஆராயும் முறை வருமாறு. முதலில் தீய நிலைகளின் தொடையை ஒரு வரைபாகக் கொள்ளும். பின்னர், ஓரடியில் அத்தொடையை அடையத்தக்க நிலைகள் எவை எனக் கணித்து அதனோடு சேர்க்கும். சேர்த்தது பெருகப் பெருக இதனைத் திரும்பத் திரும்பச் செய்யும். நிலைகள் எண்ணுக்கு அடங்கியவை ஆதலின், இனிச் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்னும் கட்டம் வந்தே தீரும். அதனை நிலைப்புள்ளி என்பர். தொடக்க நிலை அத்தொடையுள் அகப்பட்டதாயின் பொறி குற்றமுடையது; அகப்படாதாயிற் குற்றம் என்றும் நிகழாது என்பது நிறுவப்பட்டதாகும். பாலத்தின் முதல் விதியில், இரண்டுஞ் சிவப்பாய் இருபுறமும் வண்டி நிற்கும் நிலை முதலடியிலும், தொடக்க நிலை இரண்டாம் அடியிலும் அகப்படும்.

உயிர்ப்புப் பண்புக்கு இதன் மறுதலை. மேற்கு விளக்குப் பச்சையாகாத நிலைகள் எல்லாவற்றையும் முதலிற் கொண்டு, அத்தொடையுள்ளேயே அடுத்த அடி வைக்க இயலாத நிலைகளைக் களைந்து செல்லுதல் வேண்டும். களைய ஒன்றும் இல்லாதபோது எஞ்சுவன, மேற்கு என்றும் பச்சை பெறாமற் சுழலத்தக்க நிலைகளாம். ஓரடிக்கு ஒரு நிலையன்றிக் கோடானுகோடி நிலைகள் ஒருங்கே கையாளப்படுதலைக் காண்க.

1990இல் மக்மில்லன், கிளாக் முதலிய ஐவர் வெளியிட்ட கட்டுரை, முன்கூறிய 20 பூச்சிய அளவிலான நிலைகளை ஆராய்தல் கைகூடும் என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தது. மக்மில்லன் எஸ்.எம்.வி. என்னும் கருவியை ஆக்கி, 1992இல் தம் கலாநிதிப் பட்ட ஆய்வை நிறைவு செய்தார். அதே ஆண்டில் இக்கருவி தன் ஆற்றலை உலகறியக் காட்டியது. ஒரு கணினியிற் பல செயலிகள், ஒரே நினைவகத்தின் படிகளைத் தத்தம்பாற் சேமித்து வைப்பதுண்டு. ஒருவர் தம் படியைத் திருத்தினால் ஏனையோர் படிகள் பழையனவாகிவிடும். அவற்றை ஒத்திசையச் செய்யும் விதித்தொகுதி ஒன்று பியூச்சர்பஸ் என்னும் நியமத்தில் வகுக்கப்பட்டிருந்தது. வல்லுநர் பலர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வெளியிட்ட நியமம் அது. கிளாக்கும் அவர் குழுவினரும் அதனை எஸ்.எம்.வி. மொழியில் எழுதி ஆராய்ந்தபோது, அதுகாறும் எவருங் காணாத பிழைகள் வெளிப்பட்டன. எதிரெடுத்துக்காட்டு முன்னே கிடக்க, மறுப்பதற்கு இடம் இருக்கவில்லை.

இதன் பின்னர் நெறி பல கிளைகளாகப் பரந்தது. இத்தாலியின் திறென்ரோ நகர ஆய்வாளர் கார்னகி மெலனாருடன் கூடி எஸ்.எம்.வி. கருவியைப் புதுக்கி, நியூ எஸ்.எம்.வி. எனப் பெயரிட்டனர், அதன் இரண்டாம் பதிப்பு 2002 அளவில் எவரும் பெற்றுத் திருத்தத்தக்கதாய் வெளிவந்தது. வரைபு பருத்துவிடும் இடங்களுக்கு வேறு வழியும் காணப்பட்டது. குறித்த அடிகளுள் குற்றம் நிகழுமோ என்னும் வினாவை ஒரே நெடிய கூற்றாக எழுதி, அது மெய்யாதற்கு இடமுண்டோ எனத் தேடும் முறையை பியரே, சிமாற்றி, கிளாக், சூ என்னும் நால்வர் 1999இல் அறிமுகஞ் செய்தனர். அது குற்றங்காண்பதில் விரைவானது. ஆயினும் குறித்த அடிகளுக்கு அப்பால் அது பொறுப்பேற்பதில்லை.

பென்ரியம் பிழையும் இந்நெறியின் வளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. வகுத்தற் சுற்றின் ஒருபடியைத் தீர்மான வரைபால் முழுமையாக ஆராய்ந்தால் அத்தகைய அட்டவணைப் பிழை அகப்படும் என்பதை 1996இற் பிறயன்ற் காட்டினார். பின்னாளில் இன்ரெல் நிறுவனமே, தன் கோர் ஐ7 சில்லின் கணிக்கும் பகுதிக்குச் சோதனையை விடுத்துக் குறியீட்டு முறையிலான வாய்ப்புப் பார்த்தலையே முதன்மையாகக் கைக்கொண்டது.

நெறியின் எல்லை

எந்நெறிக்கும் எல்லை உண்டு. இரு எண்களைப் பெருக்கும் சுற்றுக்கு, எவ்வரிசையில் வினவினும் தீர்மான வரைபு கட்டுக்கடங்காது பெருகும் எனப் பிறயன்ற் தாமே நிறுவினார். தம் முறையின் குறையைத் தாமே நிறுவிக் காட்டுதல் அறிஞர்க்கு அழகு. நிலைவெடிப்பு அடங்கியதேயன்றி ஒழிந்ததன்று.

அதனினும் நுண்ணிய எல்லை பிறிதொன்று உண்டு. பாலத்தின் மூன்றாம் விதி மெய் எனக் கருவி கூறியது. ஆனால், கிழக்கு விளக்குச் சிவப்பான பின்னும் அவ்வழியே புகுந்த வண்டி பாலத்தின் நடுவே சென்று கொண்டிருப்பின் யாதாகும்? அடுத்த கணத்திலேயே மேற்கு விளக்குப் பச்சையாகலாம், வண்டிகள் எதிர்ப்படலாம். கருவி பொய் கூறவில்லை. பாலத்தின்மேற் செல்லும் வண்டி மாதிரியில் எழுதப்படவேயில்லை; எழுதப்படாததைக் கருவி அறியாது. விளக்கைப் பற்றி வினவப்பட்டது. விளக்கைப் பற்றியே விடை வந்தது. ஏரியன் 5 கலத்தின் கட்டளையும் பழைய கலத்தின் மாதிரிக்கு மெய்யானதே. கலம் மாறியது, மாதிரி மாறவில்லை.

ஆகவே, நிறுவப்படுவது பொறியின் குற்றமின்மை அன்று. எழுதிய மாதிரி, எழுதிய பண்பை உடைத்து என்பதே. மாதிரி பொறிக்கு ஒத்ததோ, பண்பு வேண்டியதை முற்றக் கூறுகிறதோ என்னும் இரு வினாக்களும் மனிதருக்கே விடப்பட்டுள்ளன. ஏது வழுவாயின் அனுமானமும் வழுவாம் என்ற பண்டை அளவை நூலார் கூற்று இங்கும் பொருந்தும். எனினும் இந்நெறியால் வந்த ஊதியம் சிறிதன்று. முன்னர்ப் பல்லாயிரஞ் சோதனைகளுட் புதைந்து கிடந்த ஐயம், இப்பொழுது இரண்டு வினாக்களாகச் சுருங்கி வெளியே நிற்கிறது. எண்ணற்ற நிலைகளை எண்ணும் உழைப்பைக் கணினி ஏற்றுக்கொண்டது; எதனை எண்ணவேண்டும் என்று தெளியும் பொறுப்பு ஆராய்வோனிடத்தே உள்ளது. கணிதமும் தருக்கமும் பயிலும் மாணாக்கர், விடை காணும் பயிற்சியோடு வினாவை வழுவின்றி அமைக்கும் பயிற்சியையும் ஏன் பெறுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.